காடாகக் கிடக்கும் பின்பக்கத்தைக் குடும்பம் உட்காரும் இடமாக்க: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு

தொரப்பாடியைத் தாண்டி நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் 30க்கு 40 அடி, அதாவது அரை கிரவுண்டு, காலி இடம். வீட்டைக் காட்டிய தரகர் அதைத்தான் வாய் ஓயாமல் சொன்னார்: "பசங்க ஓடியாட, மாடு கட்ட, என்ன வேணா செய்யலாம் சார்." குடிவந்த முதல் மழைக்காலத்திலேயே பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. நடுவில் எருக்கு, சுவர் ஓரம் ஆமணக்கு, மூலையில் ஒரு சீமைக்கருவேலம். பந்து அங்கே போய் விழுந்தால் பிள்ளைகள் எடுக்கவே போகமாட்டார்கள், அப்பாவிடம் வேறு பந்து கேட்பார்கள். கடைசியில் சுத்தம் செய்தபோது ஏழு பந்து கிடைத்தது.

இப்போது மாலை ஐந்தரைக்கு மேல் எங்களை வீட்டுக்குள் பார்க்க முடியாது. 2024இல் நான் செலவழித்தது மொத்தம் 83,200 ரூபாய். அதில் 21,200 ரூபாய் முழுத் தண்டம். வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று தெரியாமல் செய்ததற்கு நான் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 21,200ஐ உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். செடி வாங்க நர்சரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். செடி வாங்குவது ஏழாவது வேலை.

1. முதலில் எல்லை, பிறகுதான் மண்வெட்டி

நான் முதலில் செய்தது ஜேசிபி கூப்பிட்டது. மணிக்கு 1,300 ரூபாய் என்று நாலு மணி நேரம், 5,200 ரூபாய். ஓட்டுநர் தம்பி நல்ல வேகம், சாயங்காலத்துக்குள் இடம் மொட்டையாகிவிட்டது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் வடகிழக்கு மூலையில் இருந்த எல்லைக்கல்லைக் காணோம். புதரோடு புதராக அள்ளிக் கொட்டிவிட்டார். அந்தப் பக்கத்து மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார், போனில் நல்ல மனிதர்தான், ஆனால் "கல்லு இல்லன்னா எப்படிங்க?" என்று அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லையே. உரிமம் பெற்ற ஒரு சர்வேயரை வைத்து இருவர் முன்னிலையில் மறுபடி அளந்து கல் நட 3,000 ரூபாய் ஆனது. அவர் தேதி கொடுத்து, பக்கத்து மனைக்காரர் ஊரிலிருந்து வந்து சேர மூன்று வாரம் போனது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் ஒருமுறைக் கடவுச்சொல் வரும், அதைப் போட்டுப் பட்டாவையும், நிலத்தின் எல்லை அளவைக் காட்டும் புலப்படத்தையும் காசில்லாமல் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். மாநகராட்சிக்குள் இருக்கும் இடம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டில் தேட வேண்டியிருக்கும். வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றும் பத்திரத்திலேயே இருக்கும். உங்களுடையது பல பேர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா என்றால் புலப்படத்தில் உங்கள் மனை தனியாகத் தெரியாது. அப்போது பத்திரத்தோடு இணைத்த மனை வரைபடம்தான் துணை. புலப்படத்தில் அளவு மீட்டரில் இருக்கும், ஒரு மீட்டருக்கு 3.28 அடி.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பத்திர நகல், பட்டா, புலப்படம், ஆதார் நகல், வில்லங்கச் சான்று. கல்லில் சந்தேகம் இருந்தால் அரசு சர்வேயர் அளக்க விண்ணப்பிக்கலாம், இணையத்திலும் செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். நாள் ஆகும். ஆகட்டும், அதற்குள் மற்றதைத் திட்டமிடலாம்.

கல் சரியாக இருந்தால் அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் டேப் பிடித்து அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு மூலையிலிருந்தும் தூரம் தெரிந்தால் கல் நாளைக்கே காணாமல் போனாலும் அது எங்கே இருந்தது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். பத்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

2. எதை வெட்டக்கூடாது என்று ஒரு நடை நடந்து பாருங்கள்

புதருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெட்டாதீர்கள். எங்கள் இடத்தில் ஆமணக்குக்குப் பின்னால் தானாக முளைத்த ஒரு வேப்பங்கன்று, ஆளுயரத்துக்கு, ஒரு சீதாப்பழச் செடி, நாலைந்து தும்பை இருந்தன. ஜேசிபிக்கு அதெல்லாம் தெரியுமா? ஆமணக்கோடு வேம்பும் போய்ச் சேர்ந்தது. அந்த உயரத்துக்கு இனி ஒரு வேம்பு வர மூன்று வருடமாவது ஆகும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஜவ்வாது மலை அடிவாரத்து மாவட்டம் என்பதால் பறவை எச்சத்தில் சந்தனக் கன்று முளைப்பது அபூர்வம் இல்லை. கரும் ஊதாப் பழம் சின்னதாக இருக்கும், குருவிகளுக்குப் பிடிக்கும், வேலி ஓரம் வேறு செடியின் வேரை ஒட்டி வளரும். பெரிய மரமாக இருந்தால் கையே வைக்காதீர்கள். உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் சந்தன மரத்தை வெட்டக்கூடாது. "சின்ன மரம்தானே சார், ஓரமா சாச்சிடலாம்" என்று கூலிக்கு வந்தவர் சொல்வார். மாட்டிக்கொள்வது இடத்துக்காரர்.

வைத்துக்கொள்ள வேண்டியதற்கு எல்லாம் சிவப்புத் துணி கட்டுங்கள். வேலைக்கு வருபவர்களிடம் துணியைக் காட்டிச் சொல்லுங்கள், வாயால் மட்டும் சொன்னால் மதியம் டீக்குப் பிறகு மறந்துபோகும்.

3. களை: நிதானமாக, கையால்

இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேரம்: மழை பெய்து இரண்டு நாள் கழித்து. மண் இளகியிருந்தால் பார்த்தீனியம் வேரோடு கையில் வரும், காய்ந்த செம்மண்ணில் தண்டு மட்டும் ஒடியும். கோடை மழை ஏப்ரலில் ஒன்றிரண்டாவது பெய்யும், அதைப் பிடியுங்கள். பெய்யவில்லை என்றால் முந்தைய நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

பாதுகாப்பு: முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, நீளமான கம்பு. கம்பால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கல் குவியல், பழைய ஓடு, செங்கல் அடுக்கு இருந்தால் கையை விடவே கூடாது, கடப்பாரையால் புரட்ட வேண்டும். கண்ணாடிவிரியன் காய்ந்த சருகில் கிடந்தால் சருகாகவே தெரியும். பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம், 108க்குப் போன் போட்டு நேராக மருத்துவமனை. தொரப்பாடி, பாகாயம் பக்கத்தவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை கிட்டத்தில்தான்.

பாம்பைவிட எனக்குப் பயம் வந்தது வேறொன்றில். புதர் உள்ள இடத்தில், எலி நடமாடும் இடத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நம் வேலூர்ப் பக்கத்தில் சகஜம், மழையும் குளிரும் சேரும் மாதங்களில் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், பலருக்கு அது அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ இருப்பதால் கண்ணில் படாது. புதரில் வேலை செய்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டு நாளைக் கடத்தாமல், "புதர் வெட்டினேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். வேலை முடிந்ததும் உடுத்திய துணியோடு வீட்டுக்குள் நுழையாமல், பின்வாசலிலேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டு உள்ளே போவது எங்கள் வீட்டில் இன்றுவரை சட்டம்.

இனி களை ஒவ்வொன்றாக.

பார்த்தீனியம் பூக்கும் முன்னால் பிடுங்க வேண்டும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். வெறுங்கையால் தொட்டால் பலருக்கு அரிப்பு, தூளை மூச்சில் இழுத்தால் இளைப்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம். பூத்த செடியை எருக்குழியில் போடாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், கோடையில் பக்கத்து மனையின் காய்ந்த புல்லுக்குத் தீ தாவினால் அவ்வளவுதான்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் அறுத்தால் ஆறு மாதத்தில் ஒன்றுக்குப் பத்து கிளை கிளம்பும். சுற்றிப் பள்ளம் எடுத்து அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை.

நெருஞ்சிக்கு ஒரு வித்தை உண்டு, எங்கள் ஆயா சொன்னது. செடியைப் பிடுங்கிவிடலாம், ஆனால் உதிர்ந்த முள் மண்ணிலேயே கிடந்து பிள்ளைகளின் பாதத்தைத் தேடும். பழைய கோணிப்பையை நனைத்துப் பிழிந்து, மேலே ஒரு செங்கல்லை வைத்து, கயிறு கட்டி இடம் முழுக்க இழுத்துக்கொண்டு நடங்கள். முள்ளெல்லாம் கோணியில் ஒட்டிக்கொண்டு வரும். மூன்று முறை இழுத்தபோது கோணி முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோணியை அப்படியே கட்டிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

கடைசியாகக் கோரை. களையெடுக்க வந்த பெரியவர் ஒருவர் ஜேசிபி ஓட்டிய இடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னா சார் பண்ணி வச்சிகீற, ஒரு மூலையில இருந்தத ஊரெல்லாம் விதைச்சிட்டியே." விஷயம் இதுதான்: கோரைக்கு அடியில் கிழங்கு, கிழங்கிலிருந்து நூல் போல வேர், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு. மண்ணைப் புரட்டினால் நூல் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். டிராக்டர், ஜேசிபி, பவர் டில்லர் எல்லாம் கோரைக்கு உபகாரம் செய்பவை. களைக்கொத்தால் ஒவ்வொன்றாகத் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் ஒரு வருடத்தில் கிழங்கு சோர்ந்துபோகும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கோரை பிழைத்துக்கொள்ளும், அதன் பிறகு அந்த மண்ணில் நீங்கள் ஆசைப்பட்டு வைப்பது எதுவும் பிழைக்காது. களைக்கொல்லி மருந்தும் வேண்டாம் என்பேன், நாளைக்குப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடப்போகும் இடம்.

கூலி: ஆண் ஆளுக்கு 900, பெண் ஆளுக்கு 500 கொடுத்தேன். வேலை செய்ததைப் பார்த்தால் இந்த வித்தியாசத்துக்கு நியாயமே இல்லை, கோரையை ஒழுங்காக எடுத்தது அந்த இரண்டு அம்மாக்கள்தான். இரண்டு ஆண்கள் 3 நாள், இரண்டு பெண்கள் 4 நாள், 9,400 ரூபாய். மொத்தமாகப் பேசி விடாதீர்கள். மொத்தக் குத்தகை என்றால் மேலே வெட்டிவிட்டு இடம் சுத்தம் என்று காட்டிப் போய்விடுவார்கள், வேர் உள்ளேயே இருக்கும். தினக்கூலியாகப் பேசி நீங்களும் கூட நில்லுங்கள்.

4. வேலூர் வெயிலை வேலை வாங்குங்கள்

மரமில்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். ஊரைச் சுற்றி நிற்கும் அந்த மொட்டைப் பாறை மலைகளால்தான் ராத்திரி எட்டு மணிக்கும் காற்று சுடுகிறது. அந்த வெயில் ஒரே ஒரு காரியத்துக்கு உதவும்: மண்ணில் கிடக்கும் களை விதைகளைச் சுட்டுச் சாகடிக்க.

களை எடுத்த இடத்தைக் கல் பொறுக்கிச் சமமாக்கி, மண் நன்றாக ஊறும்படி தண்ணீர் விட்டு, கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்துப் பரப்பி, ஓரமெல்லாம் மண் அள்ளிப் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் மூடினால் அக்னி நட்சத்திரம் முழுவதும் உள்ளே வெந்து, ஜூன் முதல் வாரத்தில் எடுக்கலாம். ஆறு வாரம். மேல்மண் 50 டிகிரியைத் தாண்டிவிடும், பார்த்தீனியம் விதை பெரும்பாலும் போய்விடும். கறுப்புத் தாள் வாங்காதீர்கள், அதில் தாள்தான் சூடாகும், மண்ணுக்குச் சூடு அவ்வளவு இறங்காது. கோரைக் கிழங்கு ஆழத்தில் இருப்பதால் இதற்கு முழுக்கச் சாகாது, சில இடத்தில் தாளையே குத்திக்கொண்டு ஊசி மாதிரி வெளியே வந்து நிற்கும், பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். தாள் செலவு 3,200.

நாய், பூனை, பக்கத்துத் தெரு ஆடு எல்லாம் தாள் மேல் நடந்து ஓட்டை போடும். ஓட்டையை அன்றன்றே செலோடேப் போட்டு ஒட்ட வேண்டும். சூடு வெளியே போனால் ஆறு வாரமும் வீண்.

5. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

2021 நவம்பர் மழை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், பாலாற்றிலேயே வெள்ளம் போன வருடம். வருடத்தில் பதினோரு மாதம் தண்ணீருக்கு ஏங்கிவிட்டு, ஒரு மாதம் பின்வாசலில் குளம் கட்டிக்கொள்வது நம் வழக்கம்.

வீட்டுச் சுவரிலிருந்து வெளியே போகப் போக, 10 அடிக்கு 2 அங்குலம் என்று சரிவு வையுங்கள். கண்ணால் பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாய், அதில் பார்க்கச் சொல்லுங்கள். சரிவு முடியும் இடத்தில் ஒரு உறிஞ்சுகுழி: 3க்கு 3 அடி அகலம், 5 அடி ஆழம், அடியில் பெரிய உடைகல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல். அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும், கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். எனக்கு 4,500 ஆனது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம்தான், மொட்டைமாடிக் குழாயையும் அதிலேயே விட்டுவிட்டால் ஒரே வேலையாக முடியும்.

6. உட்காரும் இடம்: நாற்காலியை எடுத்துக்கொண்டு சுற்றுங்கள்

திண்ணை எங்கே கட்டுவது என்று வரைபடம் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு நாலு சாயங்காலம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூலையில் அரை மணி நேரம் உட்காருங்கள். எங்கே மேற்கு வெயில் கண்ணில் குத்துகிறது, எங்கே சமையலறைப் புகை வருகிறது, எங்கே இருந்தால் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியும், எல்லாம் புரிந்துவிடும். நான் மனதுக்குள் வைத்திருந்த மூலை மூன்றாம் நாளே அடிபட்டுப்போனது. கிழக்குச் சுவரை ஒட்டிய இடம்தான் சரியாக வந்தது. வீட்டு நிழல் நாலரைக்கெல்லாம் அங்கே விழுந்துவிடுகிறது.

வாங்கிப் போடும் இரும்பு, பிரம்பு மேசை நாற்காலியெல்லாம் நம் வெயிலுக்கு இரண்டு கோடை தாங்காது. செங்கல்லில் திண்ணை கட்டுங்கள். 18 அங்குல உயரம், 2 அடி அகலம், 12 அடி நீளம் என்று கட்டினோம். சாப்பிட உட்காரலாம், ஆயா காலை நீட்டிப் படுக்கலாம், ராத்திரி மின்சாரம் போனால் எல்லோரும் படுக்கலாம். மேலே கடப்பா கல் போட்டது என் முட்டாள்தனம். பார்க்க அழகுதான், ஆனால் கறுப்புக் கல், கோடையில் சாயங்காலம் ஆறரைக்கும் தோசைக்கல். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, சுர்ரென்று ஆவி போன பிறகுதான் உட்கார வேண்டியிருக்கிறது. நீங்கள் வெளிர் நிறக் கல்லோ வெறும் சிமென்ட் பூச்சோ போட்டுக்கொள்ளுங்கள். திண்ணைக்கு 16,500, பின்வாசலிலிருந்து அதுவரை சரளை போட்ட நடைபாதைக்கு 6,800.

7. நிழல், மண், செடி

இப்போது நர்சரிக்குப் போகலாம். மாதம் ஆடி ஆகியிருக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும், நம் பக்கத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால மழை கிடைக்கும், அப்புறம் ஐப்பசி அடைமழை, அதற்குள் வேர் பிடித்துவிடும். பிப்ரவரியில் நட்டால் மே மாதம் அதைக் காப்பாற்றவே வாழ்க்கை போய்விடும்.

நிழலுக்கு மரம் வளர மூன்று நாலு வருடம். அதுவரை பந்தல். ஜிஐ குழாய் நட்டு 50 சதவீத நிழல்வலை கட்ட 9,500 ஆனது. வலையை இறுக்கி நிரந்தரமாகக் கட்டிவிடாமல் அவிழ்க்கிற மாதிரி கயிறு போடுங்கள். மே மாதக் கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் சூறைக்காற்றில் எங்கள் வலை பக்கத்துத் தெரு மின்கம்பம் வரை போய் வந்தது. பந்தல் காலில் அவரையும் பீர்க்கனும் ஏற்றிவிட்டால் கார்த்திகைக்குள் மேலே மூடிவிடும்.

மரத்துக்கு மேற்குப் பக்கம்தான் இடம். வேம்பு, புங்கம் இரண்டில் ஒன்றை மேற்கு எல்லையில், வீட்டுச் சுவரிலிருந்து 10, 12 அடி தள்ளி வையுங்கள். கொய்யா, எலுமிச்சை, நெல்லி பிள்ளைகளுக்கு. முருங்கை காற்றில் ஒடிந்து விழும், திண்ணைக்கு மேல் வராத தூரத்தில் இருக்கட்டும். ஆல், அரசு வீட்டுக்குப் பக்கத்தில் கூடாது. சீக்கிரம் வளரும், பச்சைப் பசேல் என்று சுவர் மாதிரி நிற்கும் என்று கோனோகார்பஸ் கன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம். தமிழ்நாடு அரசே 2025இல் அதற்குத் தடை போட்டுவிட்டது. எந்தக் கன்று நம் மண்ணுக்கு வரும் என்று சந்தேகமாக இருந்தால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கேட்கலாம்.

மண் வாங்குவதில் நான் பட்டது: "வயல் மண்ணு சார், தங்கம்" என்று 3,500 வீதம் இரண்டு லோடு இறக்கினார்கள். 7,000 ரூபாய்க்கு நான் வாங்கியது கோரைக் கிழங்கு. வெயிலில் சுட்டுச் சுத்தம் செய்து வைத்திருந்த இடத்தில் மூன்றாவது வாரமே பச்சை ஊசி எட்டிப் பார்த்தது. அதையும் அள்ளி வெளியே போட்டோம். மண் இறக்கும் முன் ஒரு வாளி மண்ணை எடுத்துச் சல்லடையில் சலித்துப் பாருங்கள், கறுப்பாகக் கொண்டைக்கடலை அளவில் கிழங்கு தெரிந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். மண்ணுக்கு நடைச்சீட்டு, அதாவது மண்ணை எடுத்துச்செல்ல அரசு கொடுக்கும் அனுமதிச் சீட்டு, இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாமல் ஏரியில் திருட்டுத்தனமாக அள்ளிய மண் உங்கள் வாசலில் பிடிபட வேண்டாம். உண்மையில் இடம் முழுக்கப் புது மண் தேவையே இல்லை. செடி வைக்கும் குழியில் மட்டும் நல்ல மண்ணும் மக்கிய எருவும் கலந்தால் போதும். மக்கிய என்பதை அழுத்திச் சொல்கிறேன், பச்சைச் சாணி போட்டால் மாடு தின்ற புல்லின் விதையெல்லாம் உங்கள் தோட்டத்தில் முளைக்கும். எருவும் குழி மண்ணும் 5,000, கன்றுகளும் செடிகளும் 2,400.

புல்வெளி ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. கொரியன் புல் 150 சதுர அடி, அடிக்கு 40 என்று 6,000 ரூபாய். ஏப்ரலில் தினமும் இரண்டு வேளை தண்ணீர் கேட்டது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரை அதற்கு விட மனசு வரவில்லை, டேங்கர் வாங்கி ஊற்ற வசதி இல்லை, மே பத்தாம் தேதி வாக்கில் அது வைக்கோல். பிள்ளைகள் ஓடும் இடத்தில் ஆற்று மணலோ சரளையோ போட்டு, ஓரத்தில் நம் அருகம்புல்லையே வளரவிட்டு மாதம் ஒருமுறை வெட்டினால் போதும். அது மழைக்குத் தானே பச்சையாகும். வாஷிங் மெஷின் தண்ணீர் இரண்டு வாழைக்கும் ஒரு கல்வாழைப் பாத்திக்கும் போகிறது.

ஒரு பாத்தி காய்கறிக்கு. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல், நம் மாவட்டத்துக் காய், அதை வைக்காமல் வேறு எதை வைப்பது? காம்பில் முள் இருப்பதால் நடைபாதை ஓரம் மட்டும் வேண்டாம்.

8. விளக்கு, கொசு

வெளியே இழுக்கும் மின்கம்பிக்குத் தனி ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவி) போடாமல் எலக்ட்ரீஷியனை அனுப்பாதீர்கள். ஈரத் தரை, வெறுங்கால், பிள்ளைகள். கம்பியைக் குழாயில் விட்டுப் புதைத்து, எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து வையுங்கள், நாளைக்கு நீங்களே களைக்கொத்தால் குத்துவீர்கள். மஞ்சள் எல்இடி இரண்டு போதும், வெள்ளை விளக்குக்கு மழைக்கால ஈசல் எல்லாம் சாப்பாட்டில் வந்து விழும். இதற்கு 4,700.

கொசுவுக்கு வலை, வத்தி எல்லாம் அப்புறம். தேங்காய் ஓடு, பழைய வாளி, பூந்தொட்டித் தட்டு, இவற்றில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் பாதிக் கொசு கிடையாது.

9. எப்போது எது

மாசி, பங்குனியில் காகிதமும் எல்லையும். சித்திரையில் களை, பிறகு பாலித்தீன். ஜூனில் தாளை எடுத்துச் சரிவும் உறிஞ்சுகுழியும் திண்ணையும். சிமென்ட் வேலை முடிந்து பத்து நாள் தண்ணீர் விட்டு ஆறவிட வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஆடியில் பந்தலும் கன்றும். ஐப்பசி மழையில் எங்கெங்கே தண்ணீர் தேங்குகிறது என்று குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துச் சரி செய்யுங்கள். கார்த்திகை தீபத்துக்கு விளக்கைத் திண்ணையில் வைத்துவிடலாம். நான் ஜேசிபியில் ஆரம்பித்ததால் எனக்கு இதில் நாலு மாதம் கூடுதலாகப் போனது.

தண்டச் செலவு இல்லாமல் எனக்கு ஆனது 62,000. பணம் ஒரேயடியாக இல்லை என்றால் 1 முதல் 5 வரை முதல் வருடம் செய்துவிட்டு, பழைய பாயை விரித்து உட்காருங்கள். திண்ணையும் பந்தலும் அடுத்த வருடம் வரட்டும். ஆனால் களையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், ஒரு மழைக்காலம் விட்டால் மறுபடி முதல் படிதான்.

கோரைக்கு எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஏழரை வரை, கிழங்கோடு எடுத்துவந்தால் ஒன்றுக்கு ஒரு ரூபாய். கிழங்கு இல்லாமல் வெறும் இலையைக் காட்டினால் காசு கிடையாது. முதல் மாதம் பிள்ளைகளுக்கு 214 ரூபாய் கொடுத்தேன். போன மாதம் 38. பெரியவன் கூலியை உயர்த்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.